தேயிலை மலையிலிருந்து ஜப்பான்: கேள்வி – பதில்

கேள்வி: சுங்கை பாலாஸ் சரிவில் பறிக்கும் கொழுந்து கறுத்துப்போகிறது; ஜப்பானில் பறிப்பது மட்டும் பச்சையாகவே கோப்பைக்கு வந்துசேர்கிறது. அங்கே செடிக்குச் சாயம் பூசுகிறார்களா? (பிரிஞ்சாங்)

பதில்: சாயம் இல்லை, சூடு எப்போது படுகிறது என்பதுதான் வேறுபாடு. கேமரன் மலை ஆலைகளில் கொழுந்தை வாட்டி, நசுக்கிச் சுருட்டி, காற்றுப்பட வைத்த பின்னரே உலர்த்துவதால், நறுக்கிவைத்த வாழைக்காய் கறுப்பது போலவே இலைச்சாறும் நிறம் மாறுகிறது. ஜப்பானில் பறித்த கொழுந்தை விரைவிலேயே ஆவியில் வேகவைத்துவிடுவதால், நிறத்தை மாற்றும் நொதி அந்த வெப்பத்தில் செயலிழந்து, பசுமை அப்படியே தங்கிவிடுகிறது. இங்கே பெரும்பாலும் அகன்ற இலையுடைய அசாம் வகையும் அங்கே சிற்றிலையுடைய சீன வகையும் வளர்ந்தாலும், தாவர நூலின்படி இரண்டும் ஒரே இனத்தைச் சேர்ந்தவையே.

கேள்வி: கேமரனில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இடையிலும் கத்திரி ஓய்வதில்லை. ஜப்பானியச் செடிக்கு மட்டும் யார் நீண்ட விடுப்புக் கொடுத்தது? (ரிங்லெட்)

பதில்: விடுப்புக் கொடுத்தது நிலநடுக்கோட்டிலிருந்து உள்ள தொலைவு. கேமரன் மலை ஏறத்தாழ நான்கரைப் பாகை வட அகலாங்கில் இருப்பதால் இங்கே குளிர்காலம் என்ற ஒன்றே இல்லை. ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு ஒரு முறை அதே செடியில் பறிப்பு நடக்கிறது. ஜப்பானின் பெயர்பெற்ற தேயிலை மாநிலமான ஷிசுவோக்கா 35 பாகையை ஒட்டியிருப்பதால் செடி குளிர்காலம் முழுவதும் உறங்கி, அப்போது சேர்த்துவைத்த சத்தை வசந்தத்தின் முதல் கொழுந்தில் இறக்குகிறது. அந்த முதல் பறிப்புக்கே சுவையும் விலையும் மிகுதி. ஜப்பானிய மரபு நாட்காட்டியில் வசந்தம் பிறக்கும் பிப்ரவரி 4-ஐ ஒட்டிய நாளிலிருந்து எண்ணினால் வரும் 88-ஆம் இரவு, அதாவது ஏறத்தாழ மே 2, பறிப்புக்குரிய நன்னாளாகக் கருதப்படுகிறது. அதற்கு முன் உறைபனி விழுந்தால் இளங்கொழுந்து கருகிவிடும் என்பதால், தோட்டங்களில் உயர்ந்த கம்பங்களில் மின்விசிறிகளை நிறுத்தி, மேலே உள்ள வெதுவெதுப்பான காற்றைச் செடிகளின்மீது இறக்குகிறார்கள்.

கேள்வி: ஜப்பான் என்றால் ஒரே மொழி, ஒரே மக்கள், ஒரே மாதிரிச் சாப்பாடு என்று சொல்கிறார்களே, உண்மைதானா? (தானா ராத்தா)

பதில்: ஒக்காய்டோ, ஒன்சூ, சிக்கோக்கு, கியூசூ என்னும் நான்கு பெருந்தீவுகளும் ஆயிரக்கணக்கான சிறுதீவுகளும் சேர்ந்த அந்நாடு, வடக்கே உறைபனிக் கடலையும் தெற்கே பவளப்பாறைகளையும் கொண்டிருக்கையில், எல்லாம் ஒரே மாதிரி இருக்க வழியில்லை. வடக்கிலுள்ள ஒக்காய்டோ ஐனு என்னும் பழங்குடி மக்களின் தாயகம். அவர்களைப் பூர்வகுடிகள் என்று ஜப்பானியச் சட்டம் வெளிப்படையாக ஏற்றது 2019-இல்தான். தெற்கிலுள்ள ஒக்கினாவா, 1879-இல் ஜப்பானுடன் இணைக்கப்படும் வரை, ரியூக்கியூ என்ற தனி அரசாக விளங்கியது.

நடுத்தீவான ஒன்சூவையும் ஒரு மலைத்தொடர் இரண்டாகப் பிரிக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை கேரளத்துக்குத் தென்மேற்குப் பருவமழையைக் கொடுத்துவிட்டுத் தமிழ்நாட்டின் பக்கத்தைக் காயவிடுவது போலவே, சைபீரியாவிலிருந்து கிளம்பும் குளிர்காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை வாரிவந்து மேற்குப் பக்கத்தில் ஆளுயரப் பனியாகக் கொட்டுகிறது. டோக்கியோ இருக்கும் கிழக்குப் பக்கமோ அதே நாளில் வெயிலில் காய்கிறது. மலைநடுவே உள்ள சிராக்காவா ஊரின் கூரை வீடுகள் கூப்பிய கைகளைப் போலச் செங்குத்தாக அமைந்திருப்பது இந்தப் பனிச்சுமை தங்காமல் சரிந்து விழுவதற்காகவே. மின்சாரம்கூட இரண்டு வகை: 1890-களில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்தும் ஒசாக்கா அமெரிக்காவிலிருந்தும் மின்னாக்கிகளை வாங்கியதால், இன்றும் கிழக்கில் 50 ஹெர்ட்ஸ், மேற்கில் 60 ஹெர்ட்ஸ். இரண்டுக்கும் எல்லையாகக் கொள்ளப்படும் ஃபூஜி ஆறு கடலில் கலப்பது அந்தத் தேயிலை மாநிலமான ஷிசுவோக்காவில்தான்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஜப்பானியர் மாதக்கணக்கில் கேமரனில் வந்து தங்குகிறார்கள். அவர்கள் நாட்டில் மலைக்கா பஞ்சம்? (கம்போங் ராஜா)

பதில்: நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு மலையாக உள்ள நாட்டில் மலைக்குப் பஞ்சமில்லை, ஆண்டு முழுவதும் ஒரே சீராக இருக்கும் குளுமைக்குத்தான் பஞ்சம். டோக்கியோவில் கோடை புழுக்கத்தோடு 35 பாகையைத் தாண்டுகிறது. கேமரனிலோ வெப்பம் பெரும்பாலும் 15-க்கும் 25-க்கும் இடையிலேயே நிற்கிறது. வில்லியம் கேமரன் 1885-இல் இந்த மலைப்பகுதியை அளந்து சென்ற மூன்றே ஆண்டுகளில், ஜப்பானின் கருயிசாவா மலையூரில் ஷா என்ற கிறித்தவப் போதகர் கோடை வீடு அமைத்து அதை வெப்பத்திலிருந்து ஒதுங்கும் ஊராக்கினார்; ஆயினும் குளிர்காலத்தில் அங்கும் நீர் உறைந்துவிடும்.

கேள்வி: தமிழும் ஜப்பானிய மொழியும் உடன்பிறப்புகள் என்கிறார்கள். உறவுமுறை வைத்து அழைக்கலாமா? (ஈப்போ)

பதில்: அண்டை வீட்டாரைப் போல நேசிக்கலாம், உடன்பிறப்பு என்று உரிமை கோருவதற்குச் சான்று போதாது. வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் நிற்பதும் வேற்றுமை உருபு பெயருக்குப் பின் ஒட்டுவதும் இரு மொழிக்கும் பொது. மொழியறிஞர் சுசுமு ஓனோ (1919–2008) நூற்றுக்கணக்கான சொற்களை ஒப்பிட்டதோடு, ஜனவரி 15-இல் ஜப்பானியக் கிராமங்களில் செம்பயறு இட்டுக் காய்ச்சும் கஞ்சியைப் பொங்கலோடு இணைத்தும் பேசினார். ஆயினும், உறவுடைய மொழிகளில் காணப்பட வேண்டிய ஒழுங்கான ஒலிமாற்ற விதிகள் நிறுவப்படவில்லை என்பதால், மொழியியலாளரில் பெரும்பாலோர் அக்கருத்தை ஏற்கவில்லை. அவருடைய உழைப்பினால் ஜப்பானியர் பலர் தமிழின் பெயரை அறிந்தார்கள் என்பதே நிலைத்த பயன்.

கேள்வி: கொள்ளுத் தாத்தா சயாமுக்குப் போனார், திரும்பவில்லை. கொள்ளுப் பேரன் இப்போது ஜப்பானிய மொழி படிக்கிறான். குடும்பத்தில் இது சரியா, தவறா? (தாப்பா)

பதில்: தோட்டத்து முதியோர் ‘சப்பான்காரன் காலம்’ என்று குறிப்பது, 1941 டிசம்பர் முதல் 1945 வரை மலாயாவில் நடந்த படை ஆட்சியை. கடிகாரம் டோக்கியோ நேரத்துக்கு மாற்றப்பட்டது. வாழைமரம் அச்சிட்ட நோட்டு செல்லாக்காசானது. அரிசி மறைந்து மரவள்ளிக் கிழங்கே உணவானது. சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை, 1942–43-இல், 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடுவதற்குத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். காலராவாலும் பட்டினியாலும் மாண்டவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லறையும் இல்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் அந்தத் துயரத்தைத் தமிழில் பதிந்துவைத்துள்ளன.

லயத்து மக்கள் அன்று கண்டது ஒரு படையை மட்டுமே. 88-ஆம் இரவுக்காகக் காத்திருக்கும் உழவரையோ கூரைப் பனியைத் தள்ளும் கிழவியையோ அவர்கள் கண்டதில்லை. அந்த மக்களை அறிவதால் படை செய்தது மறைந்துவிடாது. படை செய்ததை நினைத்திருப்பதால் அந்த மக்கள் பகைவராகிவிடவும் மாட்டார்கள். ஆகவே, சயாமுக்குப் போனவரின் பெயர், ஊர், தோட்டம் ஆகியவற்றை வீட்டு மூத்தோரிடம் கேட்டு முதலில் எழுதிவையுங்கள். பிறகு அந்தப் பிள்ளை ஜப்பானிய மொழியை நன்றாகவே படிக்கட்டும்.