திருடன் சீட்டு யாரிடம்?

காரைக்கால் மாங்கனித் திருவிழாவுக்குச் சொந்தபந்தம் கூடினால், தருமபுரத்தில் எங்கள் வீட்டில் ராஜா ராணி ஆட்டம் நிச்சயம் உண்டு. தினசரிக் காலண்டர் தாளை ஐந்தாகக் கிழித்து ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் என்று எழுதி, மடித்துக் குலுக்கிப் போட வேண்டியதுதான். எங்கள் வீட்டுக் கணக்கில் ராஜாவுக்கு 1000, ராணிக்கு 800, மந்திரிக்கு 500, போலீஸுக்கு 300, திருடனுக்கு முட்டை. போலீஸ் மட்டும் தான் யாரென்று சொல்லிவிட்டுத் திருடனைக் காட்ட வேண்டும். (எங்கள் ஊர்ப் போலீஸின் சிவப்புத் தொப்பி ஒரு மைல் தள்ளியே தெரியும்; மறைக்கவா முடியும்!) ஆளைத் தப்பாகக் காட்டினால் அந்த 300 திருடனுக்கு.

1986இல் மாஸ்கோவில் உளவியல் மாணவர் திமித்ரி தவிதோவ் உருவாக்கிய 'மாஃபியா' ஆட்டமும் இதே குடும்பம்தான். அக்கா மகன் அந்த வகையில் ஒன்றைப் பெட்டியோடு வாங்கிவந்து அரைமணி நேரம் விதிகளை விளக்கினான். "பொய் சொல்றவனைக் கண்டுபிடிக்கணும், அவ்வளவுதானே? அதுக்கா இத்தனை அட்டை?" என்றாள் அப்பாயி. பெட்டி பரணுக்குப் போய்விட்டது.

பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற சொல்தா. பாரிஸிலிருந்து வந்து இறங்கியதும் முதல் ஆட்சேபம் அவருடையது. "ராஜாவுக்கு எதுக்குடா 1000? நாங்க 1793லயே அவன் தலையை எடுத்துட்டோம்."

"அப்ப ராணிக்கு, பெரியப்பா?"

"அதே வருஷந்தான்."

அடுத்த சுற்றில் ராஜா சீட்டு அவருக்கே விழுந்தது. குடியரசைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் 1000 என்று எழுதிக்கொண்டார்.

முகத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்பதெல்லாம் எங்கள் வீட்டில் செல்லாது. சித்திக்கு ராணி வந்தாலே திருட்டு முழி வந்துவிடும். அம்மா எந்தச் சீட்டைப் பிரித்தாலும் பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்தவள் மாதிரி உட்கார்ந்திருப்பாள். அப்பாயி சீட்டை ஒரு கண்ணால் பார்த்து, இடுப்பில் செருகி, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்துவிடுவாள். பிறகு போலீஸைப் பார்த்து, "மோர் குடிக்கிறியாடா?" என்பாள். அது லஞ்சமா, பாசமா என்று தெரிவதற்குள் போலீஸ் வேறு யாரையாவது காட்டியிருப்பான்.

அப்பாயிக்குக் காரைக்கால் அம்மையார் கதையில் அவர் புருஷன் பரமதத்தன்மேல்தான் கண். வியாபாரம் என்று கப்பலேறிப் போனவன், பாண்டி நாட்டில் இறங்கி, ஊரில் பெண்டாட்டி இருப்பதை மூச்சுவிடாமல் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான். சொந்தக்காரர்கள் அந்தப் பெண்டாட்டி புனிதவதியைச் சிவிகையில் ஏற்றி நேரே அங்கே கொண்டுபோன பிறகுதான் சீட்டு வெளியே வந்தது. "தன் மகளுக்கும் அவ பேரையே வச்சிருந்தான் பாரு, இவன்லாம் நம்ம ஆட்டத்துக்குத் தாங்கமாட்டான்" என்று தீர்ப்பு சொல்லுவாள். பிச்சாண்டவர் வீதியுலாவில் மாம்பழம் பிடிக்கிற கூட்டத்தை விலக்கிக்கொண்டு போகும்போதும் அவளுக்கு இதே பேச்சுதான்.

போன திருவிழாவில் பெரியப்பா போலீஸ். நெடுநேரம் யோசித்துச் சித்தியைக் காட்டினார். மந்திரி. என்னுடையது ராஜா, அம்மாவுடையது ராணி. எல்லோரும் அப்பாயியைப் பார்த்தோம். இடுப்பில் சீட்டு இல்லை. வாயில் வெற்றிலை மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

"சீட்டைக் காட்டும்மா" என்றார் பெரியப்பா.

அப்பாயி எழுந்துபோய்க் கொல்லையில் துப்பிவிட்டு வந்தாள்.

"தப்பாத்தானே காட்டுனே? 300ஐ எழுது."

"அத்தாட்சி?"

"கொல்லையில கிடக்கு, போய்ப் பொறுக்கிக்க."

பெரியப்பா பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே எழுதினார்.