கோட்டுகாலில் குளிர்காலம்

தலைமூடி வைத்த கம்பளிச் சட்டையைக் குரோஷா ஊசியால் வீட்டிலேயே பின்னுவது எங்கள் கோட்டுகாலுக்கு அத்தியாவசியம். பக்கத்துப் பாலராமபுரத்தில் நெய்கிற மெல்லிய பருத்தி வேட்டியை நம்பியா மார்கழியைக் கடப்பது? விடியற்காலையில் 23 டிகிரிக்கு விழுகிற ஊர்!

1820களில் மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவில் பெண்களுக்குக் கற்றுத்தந்த லேஸில் பாதி ஓட்டைதான். அந்தக் குறையை மைனி தீர்த்துவிட்டார். முன்னுக்கு ஒரு சதுரம், பின்னுக்கு ஒன்று, இரண்டு கை, ஒரு தலைமூடி. சங்கிலி எண்ணும்போது யாரும் பேசக்கூடாது. வியர்வை மட்டும் சொட்டலாம். கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும். ஆனால் அதில் பாசம் இருக்காதே!

அண்ணன் அந்தப் பாசத்தை மூன்று நிமிடம் தாங்கினார்.

இப்போது அதைக் கொல்லையில் பழுத்த சக்கை போட்டிருக்கிறது. அளவு கச்சிதம். அணில் அண்டவில்லை. மைனி அடுத்த சட்டைக்குச் சங்கிலி போட்டாயிற்று. மரத்தில் இன்னும் 11 தொங்குகின்றன.