பதிமூணு மார்க் தம்பி

பெரியப்பா வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் பந்திக்குப் பக்கத்தில் ஒரு பையன் நிற்பான். அவன் கையில் நாலு பேருடைய செல்போன்கள் இருக்கும். ஒன்றில் வாட்ஸ்அப் திறக்கவில்லை. ஒன்றில் இடம் நிரம்பிவிட்டது. ஒன்றில் அத்தைக்கு ஆதார் இணைக்க வேண்டும். நாலாவதுக்கு ஒரு குறையும் இல்லை. "சும்மா ஒரு தடவை பாத்துருடா" என்று மாமா கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனது. அவன்தான் நம் தம்பி. பி.டெக். இன்ஃபர்மேஷன் டெக்னாலஜி, மூன்றாம் ஆண்டு.

(தங்கச்சிகளும் இந்தப் படிப்பில் ஏராளம். அவர்கள் ரெக்கார்டு நோட்டை ஒரு வாரம் முன்னாலேயே முடித்துவிடுகிறார்கள். நகைச்சுவைக் கட்டுரைக்கு அதனால் பிரயோஜனம் இல்லை.)

சாப்பிட்டு வந்த மாமா வெற்றிலையை மடித்துக்கொண்டே ஆரம்பிப்பார்.

"ஏன்டா, கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கலையா?"

"ரெண்டும் ஒண்ணுதான் மாமா."

"ஒண்ணுதான்னா எதுக்குடா ரெண்டு பேர் வெச்சிருக்கான்?"

தம்பியிடம் இதற்குப் பதில் கிடையாது. அவனுடைய துறைத் தலைவரிடமும் தெளிவான பதில் இருக்குமா என்பது சந்தேகம்தான். பாதிக்கு மேல் பொதுப் பாடங்கள், அதே லேப், சில கல்லூரிகளில் அதே வாத்தியார். அண்ணா பல்கலைக்கழகக் கணக்கில் மட்டும் ஒரு வித்தியாசம் உண்டு: கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தால் பி.இ., ஐ.டி. படித்தால் பி.டெக். தம்பி பிடித்துக்கொள்வது இந்த ஒரு கொம்பைத்தான். "ஐ.ஐ.டி.யிலகூட பி.டெக்.தான் மாமா கொடுக்குறாங்க" என்பான். இதே பி.டெக்.கை ஜவுளித் தொழில்நுட்பத்துக்கும் கொடுக்கிறார்கள் என்பதைச் சொல்லமாட்டான்.

அவன் இங்கே வந்து சேர்ந்த கதை சுருக்கமானது. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று மதிப்பெண்ணைச் சுருக்கி, 200-க்குக் கட்-ஆஃப் போடும் ஊர் நம்முடையது. முன்பெல்லாம் கவுன்சலிங் என்றால் புளியோதரை கட்டிக்கொண்டு குடும்பத்தோடு கிண்டிக்குப் போவார்கள். பெரிய திரையில் இடங்கள் ஒவ்வொன்றாகக் காலியாவதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். 2018-ல் எல்லாம் ஆன்லைனுக்கு வந்துவிட்டது. பெருமூச்சை இப்போது வீட்டிலிருந்தே விடலாம். தம்பியின் ரேங்க் வருவதற்குள் நல்ல கல்லூரிகளில் கம்ப்யூட்டர் சயின்ஸ் போயிருந்தது. அடுத்த வரியில் ஐ.டி. இருந்தது. அப்பா கேட்டார்: "ஐ.டி. கம்பெனி வேலைக்கு ஐ.டி. படிச்சாத்தானே சேர்த்துக்குவான்?" நியாயமான கேள்விதான்.

முதலாம் ஆண்டில் அவனைக் கம்ப்யூட்டர் பக்கம் அதிகம் விடவில்லை. மரவேலை, குழாய் வேலை, வெல்டிங் என்று ஒரு பட்டறை வகுப்பு இருந்தது. இன்ஜினியரிங் கிராஃபிக்ஸுக்காக டிராஃப்டரை வேட்டைத் துப்பாக்கி மாதிரி தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினான். "கம்ப்யூட்டர் படிக்கப் போனவன் பைப்புக்கு மரை போட்டுட்டு வர்றான்" என்று அம்மா எதிர்வீட்டில் சொல்லி வருத்தப்பட்டாள். எதிர்வீட்டம்மா அதைக் கேட்டு வருத்தப்படவில்லை. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, ஞாயிற்றுக்கிழமை வருவானா என்று விசாரித்தாள்.

பிறகு கம்ப்யூட்டர் லேபுக்குள் விட்டார்கள். அங்கே நீலத் திரையோடு டர்போ சி++ காத்திருந்தது. அது 1990-ல் வெளிவந்த மென்பொருள். தம்பியின் அப்பா அம்மாவைப் பெண் பார்க்கும் படலமே அப்போது தொடங்கியிருக்கவில்லை. உலகம் அதை மறந்து வெகுகாலம் ஆகியும் நம் ஊர்க் கல்லூரி லேப்கள் பலவும் அதைக் குடும்பத்துப் பெரியவர் மாதிரி வைத்துக் காப்பாற்றின. ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனால் அது 26 பிழை காட்டும். தம்பி அந்த அரைப்புள்ளியைப் போட்டதும் 31 காட்டும். அப்போது பக்கத்து சிஸ்டத்தில் ஓடுவதைப் பென்டிரைவில் கொண்டுவந்து, பதிவு எண்ணை மட்டும் மாற்றுவான். பெயரை மாற்ற மறந்த நாட்களும் உண்டு.

அதை ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டும். நோக்கம், அல்காரிதம், நிரல், வெளியீடு, முடிவு. முடிவு என்ற தலைப்பில் எழுதும் வாக்கியம் எல்லாக் கல்லூரியிலும் ஒன்றுதான்: நிரல் வெற்றிகரமாக இயக்கப்பட்டு, விடை சரிபார்க்கப்பட்டது. இயங்காத நிரலுக்கும் அதே வாக்கியம்தான். தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவர்கள் மிக அதிகத் தடவை எழுதிய பொய் எதுவென்று கேட்டால், காதல் கடிதங்களை ஓரம் தள்ளிவிட்டு இதைத்தான் சொல்ல வேண்டும்.

இப்போது பதிமூணு மார்க்குக்கு வருவோம். செமஸ்டர் வினாத்தாள் 100 மதிப்பெண்ணுக்கு. பார்ட் ஏ-யில் பத்து இரண்டு மார்க். பார்ட் பி-யில் ஐந்து பதிமூணு மார்க். பார்ட் சி-யில் ஒரே ஒரு பதினைந்து மார்க். (இவனுடைய அண்ணன்மார்கள் பதினாறு மார்க் தலைமுறை, "நாங்கல்லாம் அப்பவே பதினாறு எழுதுனவங்க" என்று சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு முன்னாள் ராணுவக் களை தெரியும்.) பாடத்துக்கு ஐந்து யூனிட். ஐந்தாவதைத் தம்பி கையாலும் தொடமாட்டான். அதனால் போவது பதிமூணு, கூட இரண்டு இரண்டு மார்க், மொத்தம் 17. மிச்சம் 83 இருக்கிறதே என்பான். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடத்தில் அவன் பிழையில்லாமல் போட்ட கணக்கு அது ஒன்றுதான்.

இந்தக் கணக்கு பழகிய பிறகு உலகத்தில் எதைப் பார்த்தாலும் அவனுக்கு மார்க்காகத்தான் தெரியும். எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்று ஒரு டச்சுக்காரர். 1956-ல் தன் வருங்கால மனைவியோடு ஆம்ஸ்டர்டாமில் கடைவீதி சுற்றிக் களைத்துப்போய் ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்தார். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று யோசித்து, காகிதமோ பென்சிலோ இல்லாமல் இருபது நிமிடத்தில் விடை கண்டார். வண்டிக்கு வழி காட்டும் மென்பொருள்கள் இன்றைக்கும் அந்த யோசனையின் வாரிசுகள்தான். டைக்ஸ்ட்ரா இருபது நிமிடத்தில் முடித்ததைத் தம்பி மூன்று இரவு மனப்பாடம் செய்கிறான். அவர் பெயரை 'டிஜிக்ஸ்ட்ரா' என்கிறான். "அது முக்கியம்டா, ஷ்யூர் பதிமூணு" என்கிறான்.

ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்திலும் அதே டைக்ஸ்ட்ராதான். அட்டையில் டைனோசர் படம் போட்ட சில்பர்ஷாட்ஸ் புத்தகம் நூலகக் கண்ணாடி அலமாரிக்குள் பத்திரமாக இருக்கும். தம்பி படிப்பது 'லோக்கல் ஆத்தர்' எழுதிய, பல்கலைக்கழகக் கேள்விகளை வருடவாரியாகத் தொகுத்த புத்தகம். அதில் ஐந்து தத்துவ ஞானிகள் வட்ட மேசையைச் சுற்றிச் சாப்பிட உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு பேருக்கு நடுவே ஒரே ஒரு முள்கரண்டி. சாப்பிட இரண்டு வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் இடது பக்கத்துக் கரண்டியை எடுத்துவிட்டால் எல்லோருக்கும் பட்டினி. 1965-ல் டைக்ஸ்ட்ரா தன் மாணவர்களுக்குப் பரீட்சைக் கேள்வியாகக் கொடுத்த சிக்கல் இது. அப்போது அதில் ஐந்து கம்ப்யூட்டர்களும் டேப் டிரைவ்களும் இருந்தன. சாப்பாட்டு மேசை போட்டவர் டோனி ஹோர்.

'டெட்லாக்' என்று பெயருள்ள இதைத் தம்பி நாலு நிபந்தனைகளோடு, படம் வரைந்து எழுதிவிடுவான். ராத்திரி எட்டு மணிக்கு ஹாஸ்டல் மெஸ்ஸில் சாம்பார் வாளி ஒருத்தன் கையில் இருக்கும், கரண்டி இன்னொருத்தன் கையில் இருக்கும். "வாளியைக் கொடுடா." "நீ முதல்ல கரண்டியைக் கொடு." வரிசை அப்படியே உறைந்து நிற்கும். வார்டன் வந்து கரண்டியைப் பிடுங்கினால்தான் நகரும். பாடப் புத்தகத்தில் அதற்குப் 'பிரீஎம்ப்ஷன்' என்று பெயர். தினமும் அந்த வரிசையில் தட்டோடு நின்ற தம்பிக்கு ஒரு நாளும் இது உறைத்ததில்லை. உறைத்திருந்தாலும் மெஸ் கேள்வி சிலபஸில் இல்லை.

வைவா என்ற வாய்மொழித் தேர்வில்தான் அவனுடைய சொந்த அறிவு வெளிச்சத்துக்கு வரும். வெளிக் கல்லூரியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருப்பார்.

"பாலிமார்ஃபிஸம்னா என்னப்பா?"

"அப்பா சார். வீட்டுல அப்பா, ஆபீஸ்ல மேனேஜர், பஸ்ஸுல பாசஞ்சர் சார்."

"இன்ஹெரிட்டன்ஸ்?"

"அப்பா சொத்து பையனுக்கு சார்."

"சரி. ஜாவால ஒரு கிளாஸுக்கு ரெண்டு பேரண்ட் கிளாஸ் ஏன் கூடாது?"

தம்பி விழித்தான். நோட்ஸில் இந்தக் கேள்வி இல்லை. கடைசியில் அவன் வாயிலிருந்து வந்தது: "சண்டை வரும் சார்."

எக்ஸ்டர்னல் பேனாவைக் கீழே வைத்தார். ஏனென்றால் விடை சரி. இரண்டு பெற்றோர் வகுப்புகளிலும் ஒரே பெயரில் ஒரு மெத்தட் இருந்தால் பிள்ளை யார் சொல்லைக் கேட்பது என்ற குழப்பம் வரும். அதைத் தவிர்க்கத்தான் ஜாவாவை வடிவமைத்தவர்கள் அந்தக் கதவையே மூடினார்கள். ஜாவா என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருபவர் இ.பாலகுருசாமி, சி, ஜாவா புத்தகங்களால் இந்தியா முழுக்கத் தெரிந்தவர், அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தவர். அவர் புத்தகத்தில் பல பக்கங்களில் படித்துப் புரிந்துகொள்ள வேண்டியதை, தாய்மாமனும் சித்தப்பாவும் அடித்துக்கொண்ட ஒரு பாகப்பிரிவினையைப் பார்த்தே தம்பி புரிந்துவைத்திருந்தான்.

அரியரைப் பற்றிப் பேசாமல் இந்தச் சித்திரம் முடியாது. தம்பிக்கு இருப்பது இரண்டு: ஒன்று கணக்கு, இன்னொன்றும் கணக்கு. 2020 ஆகஸ்டில், கொரோனாக் காலத்தில், தேர்வுக் கட்டணம் கட்டியிருந்தவர்களுக்கு அரியர் தேர்வுகள் ரத்து, தேர்ச்சி என்று தமிழக அரசு அறிவித்தது. முதலமைச்சருக்கு நன்றி சொல்லி மாணவர்கள் பேனர் வைத்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் போனது, அது வேறு கதை. அந்த நாட்களைப் பற்றிச் சீனியர்கள் சொல்லும்போது, கரிகாலன் கல்லணை கட்டிய கதையைக் கேட்பது போல் தம்பி வாயைத் திறந்துகொண்டு கேட்பான்.

இறுதியாண்டில் ப்ராஜெக்ட். ஒரு காலத்தில் எல்லாத் தம்பிகளும் நூலக மேலாண்மை மென்பொருள் செய்தார்கள். அதை எந்த நூலகமும் வாங்கவில்லை. இப்போது முகத்தை அடையாளம் கண்டு வருகைப் பதிவு செய்யும் கருவி. 75% வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுதவிடமாட்டார்கள். 72-ல் நிற்கும் தம்பிதான் இதைச் செய்கிறான். கொஞ்சம் காசு கொடுத்தால் 'ப்ராஜெக்ட் சென்டர்'களில் நிரல், அறிக்கை, வைவாவுக்கு விடை எல்லாம் சேர்த்துக் கட்டிக் கொடுப்பார்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு அந்தக் காசும் மிச்சம். டெமோ அன்று அந்தக் கருவி துறைத் தலைவரின் முகத்தைப் பார்த்து 'அடையாளம் தெரியாத நபர்' என்றது. வகுப்பே கைதட்டியது. எக்ஸ்டர்னலும் கொஞ்சம் சிரித்ததாகக் கேள்வி.

எப்படியோ பிளேஸ்மென்டும் வந்தது. நீரோட்டத்தை எதிர்த்துப் படகு எத்தனை மணி நேரத்தில் போகும் என்ற கணக்கில் தேறினான். கடைசி அரியர் அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் போயிருந்தது. ஆஃபர் லெட்டரை அப்பா லேமினேட் செய்தார். மாமாவின் தொனியும் மாறியது: "ஐ.டி.ன்னா ஐ.டி.தான்."

பயிற்சிக்கு வெளியூர் போனான். முதல் நாள் வகுப்பில் இவனுக்கு இடப்பக்கம் சிவில் படித்தவன், வலப்பக்கம் மெக்கானிக்கல். பின்னால் டெக்ஸ்டைல், அவனும் பி.டெக். பயிற்சியாளர் அத்தனை பேருக்கும் ஒரே பாடமாக, திரையில் 'ஹலோ வேர்ல்டு' என்று எழுத வைப்பதிலிருந்து தொடங்கினார். நாலு வருஷம் படித்த தம்பி சாய்ந்து உட்கார்ந்துகொண்டான்.

மூன்றாம் வாரம் லிங்க்டு லிஸ்ட். மெக்கானிக்கல்காரன் பத்து நிமிடத்தில் ஓட்டிக் காட்டிவிட்டு இவன் திரையை எட்டிப் பார்த்தான். அதில் பிழைகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

"ஏன் நண்பா, நீ ஐ.டி.தானே?"

"ஆமா. இது எங்களுக்குப் பதிமூணு மார்க்."

மெக்கானிக்கல்காரன் ஒன்றும் சொல்லாமல் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். முதலாம் ஆண்டில் தம்பி போட்ட வெல்டிங்குக்கு யாரோ ஒரு மெக்கானிக்கல்காரன் ஜாவா எழுதித்தானே கடனைத் தீர்க்க வேண்டும்? தம்பி அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தபடி, பக்கத்துச் சிவில்காரனிடம் மெதுவாகக் கேட்டான்: "இன்னிக்கு மெஸ்ஸுல என்ன சாம்பார்?"