மேட்னியும் பிஸ்கட்டும்

மகன் வீட்டில் தங்கியிருக்கும் ஓய்வுபெற்ற மனிதனுக்கு இரண்டே வேலைகள். பேரனைப் பள்ளி வேனில் ஏற்றிவிடுவது ஒன்று. வீட்டிலிருந்தபடியே ஆபீஸ் மீட்டிங் நடத்தும் மருமகளின் கேமராவில் விழாமல் இருப்பது இன்னொன்று. புனே ஹடப்ஸர் ஃபிளாட்டில் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் என் கைலி அமெரிக்காவில் தெரிந்தது. வேறு வழியில்லாமல் நானும் என் மனைவியும் புல்கேட் பஸ் ஏறி, கேம்ப் பகுதிக்குப் போகத் தொடங்கினோம்.

கீழ்வீட்டுப் பெரியவர் சதாசிவ் பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். நாங்கள் போகும் இடத்தைக் கேட்டதும் முகம் சுருங்கியது. "கேம்பா? அது புனேயே இல்லையே!" என்றார். பேஷ்வாக்களின் ஊர் என்றால் அவருக்குப் பேட்டைகள் மட்டும்தான். 1817-ல் கட்கிப் போரில் பேஷ்வா தோற்ற பிறகு கம்பெனிக்காரன் தன் பட்டாளத்தைக் கிழக்கே கொண்டுவந்து குடிவைத்தான்; பட்டாளத்துக்கு ரொட்டி சுட, துணி தைக்க, படம் காட்ட என்று ஒரு ஊரே பின்னால் வந்தது. இருநூறு வருஷம் ஆகிவிட்டது. பெரியவர் இன்னும் மன்னிக்கவில்லை.

என் மனைவி எதையும் திட்டமிடாமல் செய்யமாட்டாள். காலையில் பலகாரம், மதியம் சினிமா, திரும்பும்போது பேரனுக்கு பிஸ்கட். பேப்பரில் பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் கேம்பின் கடைகளுக்கும் சொந்தத் திட்டம் இருக்கிறது. ஈஸ்ட் ஸ்ட்ரீட்டில் கயானி பேக்கரி 1955 முதல் இருக்கிறது, ஈரானிலிருந்து வந்த குடும்பத்தினர் தொடங்கியது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஷட்டரை இறக்கிவிட்டு, சாவகாசமாகத்தான் திறப்பார்கள். நம்மூரில் முதலாளி கல்லாவிலேயே சோறு தின்று, கல்லாவிலேயே கண் அசந்து, ஒரு கண்ணால் வியாபாரமும் பார்ப்பார். இங்கே தூக்கம் என்றால் முழுத் தூக்கம். எனக்கு இந்தக் கொள்கையில் முழு உடன்பாடு. வங்கியில் முப்பத்தைந்து வருஷம் இதைத்தான் கேட்டுப் பார்த்தேன்.

அதனால் பிஸ்கட் முதலில் வந்தது. காலை வரிசையில் நின்று ஷ்ரூஸ்பரி பிஸ்கட் வாங்கினோம். ஒன்றை வாயில் போட்டால் பல்லுக்கு வேலை இல்லை, வெண்ணெய் தானே வழி பார்த்துப் போகிறது. ஷ்ரூஸ்பரி என்பது இங்கிலாந்தில் ஒரு ஊர் என்று விளக்கினேன். "ஈரான்காரர் சுட்ட பிஸ்கட்டுக்கு இங்கிலாந்துப் பேரு, விக்கிறது மராட்டியத்துல, திங்கிறது மதுரைக்காரி. நல்லாத்தான் இருக்கு," என்றவள் டப்பாவைப் பைக்குள் வைத்தாள். பேரனுக்கு வாங்கியது விக்டரி தியேட்டர் வாசலுக்கு வருவதற்குள் பாதி காலி.

பேரைப் பற்றிப் பேசினால் அதே ஈஸ்ட் ஸ்ட்ரீட் பர்கர் கடையைச் சொல்லாமல் முடியாது. 1992-லிருந்து 'பர்கர் கிங்' என்ற பெயரில் நடந்த கடை. அதே பெயர்கொண்ட அமெரிக்கக் கம்பெனி 2011-ல் வழக்குப் போட்டது; அவர்கள் இந்தியாவில் முதல் கடை திறந்ததோ 2014-ல். உள்ளூர்க் கடைதான் முந்தியது என்று 2024 ஆகஸ்டில் புனே நீதிமன்றம் அமெரிக்கரின் வழக்கைத் தள்ளுபடி செய்தது. வழக்கு அதோடு ஓயவில்லை, மும்பை உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போயிற்று. ஒரு பன்னுக்காக இவ்வளவு வருஷமா என்று கேட்பவர்கள் எங்கள் தாத்தாவின் வரப்புத் தகராறைப் பார்த்ததில்லை.

விக்டரி தியேட்டரில் நான் படம் பார்த்ததைவிடக் கட்டடத்தைப் பார்த்ததுதான் அதிகம். வெள்ளைக்காரன் காலத்தில் இதன் பெயர் கேப்பிடல். பட்டாளத்துச் சிப்பாய்கள் படம் பார்க்க வருவார்கள் என்று தெரிந்து, 'வெள்ளையனே வெளியேறு' போராட்ட நாட்களில், 1943 ஜனவரி 24 அன்று விடுதலைப் போராளிகள் இங்கே குண்டு வைத்தார்கள்; பிரிட்டிஷ்காரர்கள் செத்தார்கள். அந்த இடத்தில் உட்கார்ந்து நான் இந்தி கதாநாயகன் ஒற்றைக் கையால் ஜீப்பைத் தூக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் குண்டு வெடிக்கும்போதெல்லாம் எனக்கு மட்டும் நெஞ்சு திக்கென்றது. மனைவிக்கு இந்தி தெரியாது. ஆனாலும் கதையை என்னைவிடத் தெளிவாகச் சொன்னாள்: "அந்தத் தாடிக்காரன்தான் அண்ணன். கடைசியில செத்துருவான் பாரு." செத்தான்.

வெளியே வந்ததும் பசி. தோசை பக்கம் போகவே கூடாது என்பது அவள் உத்தரவு. இந்த ஊர் சாம்பாரில் வெல்லம் போட்டதை அவளும் இன்னும் மன்னிக்கவில்லை. 1878 முதல் நடக்கும் தொராப்ஜி அண்ட் சன்ஸுக்கு நடந்தோம். நான் தன்சாக் கேட்கலாம் என்றேன். பருப்பும் காய்கறியும் ஆட்டுக்கறியும் சேர்ந்து வெந்த பார்சிக் குழம்பு. பார்சி வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அதுதான்; ஆனால் கல்யாணம் போன்ற நல்ல காரியங்களில் மட்டும் வைக்கமாட்டார்கள். காரணம், துக்க வீட்டில் நாலாம் நாள் சமைப்பது அதுதான். இதை நான் சொல்லியிருக்க வேண்டியதில்லை. "அப்ப பிரியாணியே சொல்லு," என்றாள்.

பிரியாணி வரும்வரை அவளை உட்காரவைக்கக் கதை வேண்டுமே. புனேயில் சட்டக் கல்லூரிச் சாலையில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது, 1964-ல் தொடங்கியது. பி.கே. நாயர் என்ற மலையாளி ஊர் ஊராக அலைந்து பழைய பிலிம் சுருள்களைச் சேர்த்துவைத்த இடம். பால்கே 1913-ல் எடுத்த 'ராஜா ஹரிச்சந்திரா'வில் மிஞ்சியதும் அவர் தேடிச் சேர்த்ததுதான். அந்தப் படத்தில் ஹரிச்சந்திரனின் மனைவி தாராமதி வேஷத்துக்குப் பெண் யாரும் கிடைக்கவில்லை. பால்கே தேடித் தேடிக் கடைசியில் பம்பாய் கிராண்ட் ரோட்டில் ஒரு ஓட்டலில் வேலைபார்த்த சாளுங்கே என்ற பையனைப் பிடித்தார். ஓட்டலில் சம்பளம் பத்து ரூபாய். பால்கே பதினைந்து தருகிறேன் என்றார். இந்திய சினிமாவின் முதல் கதாநாயகியே சமையல்கட்டிலிருந்து வந்தவன் என்று நான் குரலை உயர்த்திச் சொல்லி முடித்தேன். பக்கத்து மேஜைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிரியாணித் தட்டு வந்து இறங்கியது. உருளைக்கிழங்கை ஓரமாக ஒதுக்கியபடியே கேட்டாள்:

"அவன் போனப்புறம் அந்த ஓட்டல்ல யாரு சமைச்சது?"