இடையளவு இலாகா

நம் கதாசிரியர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கதைக்குள் ஒரு டாக்டரம்மா நுழைந்தால், நோயாளி உயிருக்கு இழுத்துக்கொண்டிருந்தாலும் சரி, முதலில் அவள் முந்தானை விலகியாக வேண்டும். ஸ்டெதாஸ்கோப் எங்கே புரள்கிறது என்று அடுத்த பத்தி. அதற்குள் நோயாளி போய்ச் சேர்ந்திருப்பான். ஆண் டாக்டரோ வந்ததும் நேரே நாடி பார்க்கிறார். அவருக்குத் தொப்பை உண்டா என்று அறியும் பாக்கியம் எந்த வாசகிக்கும் கிட்டியதில்லை.

கேட்டால் மரபு என்பார்கள். மரபுதான், யார் இல்லை என்றது? உலா நூல்களில் ராஜா வீதியில் பவனி போவார். ஏழு பருவத்துப் பெண்களும் வரிசையில் நின்றாக வேண்டும். முதலில் நிற்கும் பேதைக்கு வயது 5 முதல் 7. பால் பல் விழுகிற வயசு, சாமி! கடைசியில் நிற்கும் பேரிளம்பெண்ணுக்கு 40-இல் கதை முடிந்தது. 41-இல் அவள் என்ன ஆனாள் என்று ஒரு புலவரும் விசாரித்ததில்லை.

'பொன்னியின் செல்வன்' நாவலில் பெரிய பழுவேட்டரையரின் உடம்பையும் கல்கி வர்ணிக்கத்தான் செய்தார்: 64 போர்க்காயங்கள். ஆண் உடம்பு வீர வரலாறு. நந்தினியின் உடம்பு? அது சதி. கிழவருக்குப் புத்தி பிசகியதற்கும் கரிகாலன் தூக்கம் கெட்டதற்கும் முதல் குற்றவாளி அவள் முகம்.

பிறகு வாரப் பத்திரிகைகளின் பொற்காலம். சுஜாதாவின் வக்கீல் கணேஷ் வழக்கைத் துப்பறிவார்; ஜூனியர் வசந்த் வழக்கோடு வந்தவளைத் துப்பறிவான்; ஓவியர் ஜெயராஜ் படம் போடுவார். நாமும் கெக்கலித்தோம். நடை அபாரம், மறுக்கவில்லை. அந்த நடையில்தான் ஒரு தலைமுறைப் பையன்கள் வெறித்துப் பார்ப்பதைச் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டார்கள். இத்தனைக்கும் சுஜாதா வைத்துக்கொண்ட புனைபெயர் மனைவியுடையது.

2002-இல் குட்டி ரேவதி தன் கவிதைத் தொகுப்புக்கு 'முலைகள்' என்று பெயர் வைத்தார். அவ்வளவுதான், பண்பாட்டுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. ஆபாசம் என்றார்கள், தமிழ் கெட்டது என்றார்கள். தாமரை மொட்டு, பொற்கலசம், யானைத் தந்தம் என்று நூற்றாண்டுக் கணக்கில் ஆண்கள் உவமை தேடி அலைந்த அதே உறுப்பு! அது உள்ளவள் வாய் திறந்ததும் அசிங்கமாகிப் போனது. எழுதப்பட்டது இவர்களுக்குப் பிரச்சினையே இல்லை; தங்களிடம் கேட்காமல் எழுதினாளே, அதுதான்.

உலா நூல்களைத் தடை செய்யச் சொல்லி அன்று ஊர்வலம் எதுவும் போகவில்லை.