யசோதையும் நாலாயிரமும்

கண்ணனை யசோதை வளர்த்தது தத்தா, வளர்ப்புப் பராமரிப்பா? (வாசகி, கும்பகோணம்)

வளர்ப்புப் பராமரிப்புதான். தத்து என்றால் பிள்ளை நிரந்தரமாக நம் வீடு. இவரோ மதுரா போய்ப் பெற்றவர்களிடம் சேர்ந்துவிட்டார். ஆனால் ராத்திரியோடு ராத்திரியாகக் கூடையில் கைமாற்றினாரே வசுதேவர், அது இன்று செல்லாது. மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் ஆணை வேண்டும். கண்டெடுத்த குழந்தையானாலும் 24 மணி நேரத்துக்குள் (பயண நேரம் நீங்கலாக) குழுவின் முன் கொண்டுபோக வேண்டும்.

சரி, யசோதைக்குச் சம்பளம்? (அதே வாசகி)

சம்பளமில்லை, உதவித்தொகை. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய். வெண்ணெய்க்கே காணாது!

இதே தொகையைக் கணவனை இழந்த ஏழைத் தாயும் தன் பிள்ளைக்காகக் கேட்கலாம். சோற்றுக்கு வழியில்லை என்று இல்லத்தில் கொண்டுபோய் விடுகிற அம்மாக்களிடம் யாராவது இதைச் சொன்னால் புண்ணியம்.

கல்யாணமே ஆகாத எனக்குக் குழந்தை தருவார்களா? (வாசகர், திண்டுக்கல்)

வளர்ப்புப் பராமரிப்புக்கான 2024 வழிகாட்டுதல்படி 35 முதல் 60 வயதுக்குள் இருந்தால் தனியாளுக்கும் உண்டு. ஆணுக்கு ஆண் பிள்ளை மட்டும். வீட்டைப் பார்க்க வருவார்கள், பெண் பார்க்க வருவதுபோல. பஜ்ஜி சொஜ்ஜிக்கு மசியமாட்டார்கள்.

1098 என்பது ராக்கெட் கவுண்ட்டவுனா? (வாசகர், நாகர்கோவில்)

குழந்தைகள் உதவி எண். பத்து, ஒன்பது, எட்டு... குழந்தைக்குக்கூட மறக்காது. கட்டணமில்லை, 24 மணி நேரமும் எடுப்பார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை அடிவாங்கி அலறும்போது டிவி சத்தத்தைக் கூட்டாதீர்கள், போனை எடுங்கள்.