இறக்குவதா, இருக்கட்டுமா?

எங்கள் வீட்டு அம்பாசிடர் 1968-ஆம் வருஷத்து மார்க் டூ. அப்பா வாங்கியது. அதைத் தெரு மேட்டில்தான் நிறுத்துவேன். காலையில் உருட்டிவிட்டால் செகண்ட் கியரில் பிடித்துக்கொள்ளும். பிடிக்காமல் பள்ளத்துக்கு வந்துவிட்டால் தள்ள ஆள் தேட வேண்டும். இஸ்திரிக்காரர் இப்போதெல்லாம் என் தலையைக் கண்டாலே பெட்டிக்குக் கரி போடுவதுபோலக் குனிந்துகொள்கிறார். ஸ்டார்ட் ஆகிவிட்டாலோ, கொசுமருந்து வண்டி வந்துவிட்டதென்று எதிர்வீட்டுப் பிள்ளைகள் புகைக்குள் ஓடி வருகிறார்கள்.

"போர் தேஞ்சுருச்சுங்க" என்றார் மேஸ்திரி. "ஏற்கெனவே ஃபார்ட்டி பிஸ்டன் போட்டாச்சு. இனி ஸ்லீவ் அடிக்கோணும், கிராங்க் கிரைண்டிங் பண்ணோணும். அந்தக் காசுக்கு உக்கடத்துல ஒரு இசுசு இன்ஜினப் புடிச்சு மாட்டிரலாமுங்க. அஞ்சு கியரு. ஊட்டிக்கு மூச்சு வாங்காமப் போலாம்."

பிற்காலத்து அம்பாசிடரிலேயே வந்த இன்ஜின்தான் அது. ஆனால் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரிஜினல் இன்ஜினை இறக்குவதா? வீட்டுக்கு வந்து மனைவியிடம் விளக்கினேன்: 1489 சி.சி., பி.எம்.சி.யின் பி-சீரிஸ். இங்கிலாந்தில் எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காரில் சீறிக்கொண்டு ஓடியதும் இதே வம்சம்தான்.

"ஏனுங்க, அதையும் இஸ்திரிக்காரர்தான் தள்ளுவாரா?" என்று கேட்டுவிட்டுத் தேங்காய் துருவப் போய்விட்டாள்.

மகன் சட்டம் கொண்டுவந்தான். இன்ஜினை மாற்றுவதென்றால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். மாற்றாவிட்டால் வேறொரு வழி இருக்கிறதாம். 2021-இல் வந்த விதிப்படி, 50 வயது தாண்டி, சேசிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் இல்லாத வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய். நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்று கௌரவமாக இரண்டு எழுத்து. ஆனால் அப்புறம் அதில் கல்யாணத்துக்கோ கடைத்தெருவுக்கோ போகக்கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் பங்க், ஒர்க்‌ஷாப், அவ்வளவுதான்.

"இப்பவும் அது பங்க்குக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும்தானே போகுது?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

பதிவது என்று தீர்மானித்தேன். இருபது வருஷமாக ஒரிஜினல், ஒரிஜினல் என்று ஊரெல்லாம் சொல்லி வந்தவனுக்கு, இந்த நாளுக்காகத்தான் பூமியில் பிறந்தோம் என்றே பட்டது. மேஸ்திரி பிளாக்கில் அப்பியிருந்த ஆயில் பிசுக்கைக் கெரசின் துணியால் துடைத்து இன்ஜின் நம்பரைப் படித்தார். நான் ஆர்.சி. புக்கைப் பார்த்தேன். அவர் மறுபடியும் படித்தார். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். ஓர் எண்கூடச் சேரவில்லை.

"உங்கப்பா மேட்டுப்பாளையத்துக்கு மேல ஹீட் ஆக்கி பிளாக்க வெடிக்க விட்டாருங்க. எங்கப்பாதான் வேற இன்ஜின் மாட்டிக் குடுத்தாரு. அம்மாகிட்டச் சொல்லிராதீங்கன்னாராமா" என்றார் மேஸ்திரி.

வீடு வந்து சேர்வதற்குள் கொள்கையைத் திருத்திக்கொண்டேன். இது அப்பா தேடி வாங்கி மாட்டிய இன்ஜின், ஒரிஜினலைவிட உசத்தி, இதை எப்படி இறக்குவது?

மனைவி துருவுவதை நிறுத்தினாள். "இன்ஜின மாத்தறதுதான் இந்தக் குடும்பத்து வழக்கம்னு ஆயிருச்சு. பேசாம மாத்திருங்க."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தடுத்தது பாரம்பரியம் அல்ல, மேஸ்திரி எழுதிக் கொடுத்த எஸ்டிமேட். பாரம்பரியம் என்று சொன்னால் கேட்பவர்கள் மரியாதையாகத் தலையாட்டுகிறார்கள். காசில்லை என்றால் கடன் கேட்பானோ என்று நகர்ந்துவிடுகிறார்கள்.

நேற்று, இரண்டில் ஒன்று சொல்லிவிடுவது என்று பணத்தோடு கிளம்பினேன். திரும்பி வரும்போது கையில் புது சீட் கவர் இருந்தது. கலெக்டர் வண்டிக்குப் போடுவதுபோல வெள்ளை வெளேர் என்று துணி. இஸ்திரிக்காரர்தான் மடிப்பெடுத்துக் கொடுத்தார். காசை மட்டும், வண்டியைத் தள்ளுவதற்கு முன்பே வாங்கிக்கொண்டார்.